பல்லை விட்டுப் போனவன்

தப்பி ஓடுகிறவன் எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு ஓடுவான். பல்லை விட்டுவிட்டு ஓடமாட்டான். சுகுமாறனின் மொத்தத் திட்டமும் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அவர் பல் லேப் வைத்திருந்தார். டாக்டர்கள் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். இவர் கம்ப்யூட்டரில் வரைவார். பூச்சோங்கில் ஒரு லேசர் மெஷின் அதை உலோகச் சட்டமாக அச்சடித்துத் தரும். அதில் பல்லும் ஈறும் வைத்து முடிப்பது இவர் கை. அந்த மெஷினைச் சொந்தமாக வாங்கிப்போட வேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஆசை. கடன் கேட்டுப் போனபோது எல்லா பேங்க்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டது.

வழி சொன்னவன் தங்கை ரமணியின் கணவன் யுகேந்திரன். கிள்ளானில் படகெடுத்து மீன் பிடிக்கப் போகிறவன் காணாமல் போய்விட வேண்டும். இன்சூரன்ஸ் பணம் ரமணிக்கு. மெஷின் சுகுமாறனுக்கு. யுகேந்திரன் எல்லை தாண்டி ஹாட்யாயில் காத்திருப்பான். மாட்டினால் மூன்று பேருக்கும் ஜெயில்.

"வெறும் படகைப் பாத்து நம்புவாங்களா மச்சான்?"

"பல்லை விட்டுட்டுப் போ மாப்ள. நம்புவாங்க."

யுகேந்திரனுக்குக் கீழ்வரிசையில் நான்கு பல் கட்டுப்பல். ஐந்து வருடத்துக்கு முன் சுகுமாறனே செய்தது. அது இல்லாவிட்டால் அவனுக்கு ரொட்டி சானாய்கூட இறங்காது. ஆகவே நகல் ஒன்று வேண்டியிருந்தது. புதுப்பல் என்றால் நாலு தடவையாவது வந்து தேய்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். செத்தவன் எப்படி வருவான்? பழகின பழசு வாயோடு போகட்டும், நகல் படகில் கிடக்கட்டும் என்று முடிவானது.

யுகேந்திரனின் வாயையும் பழைய பல்லையும் ஸ்கேன் செய்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தித் திரையில் பெரிதாக்கியபோது சுகுமாறனின் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்துப் பல்லின் மேல் உட்கார வேண்டிய கம்பிக்கால் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. மெழுகில் கையால் செய்து வார்த்த காலத்து வேலை. 'கடிச்சா ஆடுது மச்சான்' என்று மாப்பிள்ளை முனகியபோதெல்லாம், 'உன் ஈறு கோணல்' என்று வாயை அடைத்தவர் அவர். போலீஸும் பெரிய டாக்டர்களும் கையில் வாங்கிப் பார்க்கப் போகிற பல் இது. மௌஸை இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்தார். மனசு ஆறியது.

பூச்சோங்கிலிருந்து சட்டம் வந்தது. பல்லை வைத்து முடித்து, பழைய பல்லில் இருந்த லேப் நம்பரையே உட்பக்கம் பொறித்தார். கம்பியில் கீறல் போட்டார். கெட்டியான டீயில் மூன்று நாள் ஊறவைத்தார். இரண்டையும் மேசையில் வைத்தபோது எது எதுவென்று யுகேந்திரனே திணறினான்.

படகு தனியாக மிதந்து வந்தது. உள்ளே செருப்பு, கைப்பேசி, டிஷ்யூவில் சுற்றிய பல். ரமணி அழுத அழுகையில் போலீஸ்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து மிஷெல் என்ற பெண் வந்தாள். போலீஸிடம் வாங்கிவந்த பல்லை மேசையில் வைத்தாள். நம்பரைச் சரிபார்த்தாள். கறையைப் பார்த்தாள். கீறலைப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சதுதானே, அங்கிள்?"

"என் மாப்பிள்ளைக்கு என் கையால செஞ்சதும்மா." குரல் தானாகவே கம்மியது. அவருக்கே ஆச்சரியம்தான்.

"கம்பெனி ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. மீன் பிடிக்கப் போறவரு ஏன் பல்லைக் கழட்டணும்? கிளினிக் கார்டுல பதில் இருக்கு லா. பல்லு ஆடுதுன்னு ஒன்பது தடவை போயிருக்காரு. படகெடுக்கிறதுக்கு முந்தின வாரம் டாக்டரே விரல் வச்சு அமுக்கிப் பாத்து, ஆடுதுன்னு எழுதியிருக்காரு. கடல்ல விழுந்திடும்னு கழட்டி வச்சிருப்பாரு. நீங்க இதுல சைன் பண்ணா ஃபைல் க்ளோஸ்."

கடிதத்தை நீட்டினாள். 'எங்கள் லேப்பில் செய்த இந்தப் பல் சரியாகப் பொருந்தவில்லை' என்று இருந்தது. கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டில் பெயரை எழுதினால் போதும், மெஷின் மாடியேறிவிடும். சுகுமாறன் பேனாவை எடுத்தார்.

மிஷெல் ஆறுதலாகத்தான் சொன்னாள்: "கஷ்டப்படாதீங்க அங்கிள். சின்ன லேப்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

பேனா நின்றது.

"யாரு சொன்னா ஆடுதுன்னு?"

அலமாரியைத் திறந்தார். யுகேந்திரனின் வாயை ஸ்கேன் பண்ணி அச்சடித்த கீழ்த்தாடை மாடலை எடுத்து மேசையில் வைத்து, பல்லை அதன் மேல் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

"அமுக்கிப் பாரும்மா. எங்க வேணும்னாலும் அமுக்கு."

மிஷெல் வலது பக்கம் அமுக்கினாள். இடது பக்கம் அமுக்கினாள். இரண்டு கட்டைவிரலையும் வைத்து எழுந்து நின்று அமுக்கினாள். பல் இம்மியும் அசையவில்லை.

"இருபத்தாறு வருஷமா இதே வேலைதான். என் லேப்ல செஞ்சது ஆடாது." சுகுமாறனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மிஷெல் கார்டைப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள். கையெழுத்தாகாத கடிதத்தை மெல்ல இழுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்போ டாக்டர் விரல்ல ஆடுன பல்லு இப்போ யாரு வாயில இருக்கு, அங்கிள்?"