பதினொன்றரை மணிக் கரடி

"அப்பா, கரடிக்கு வேர்க்குமா?"

மகள் நான்கு வயதில் கேட்ட கேள்வி அது. "வேர்க்கவே வேர்க்காது" என்றார் அப்பா. அப்போது அவருடைய பனியன்கள் மூன்று கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன.

ஊருக்கு வெளியே இருந்த பெரிய தீம் பார்க்கில் கரடி வேஷம் போடுவதுதான் அவர் வேலை. மகளுக்கு மட்டும் அது தெரியாது. அப்பாவுக்கு ஆபீஸ் வேலை, கரடி அவருடைய சிநேகிதர் என்று ஏழு வயதிலும் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஐந்து வருடம் முடித்த ஊழியருக்குக் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்குவதற்கு பார்க்கே அறையும் அனுமதிச் சீட்டும் கொடுக்கும். அந்த வருடம் அவர் முறை. குடும்பமாகச் சேர்ந்து போகும் முதல் உல்லாசப் பயணம் என்பதால், சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து ஒரு வாரமாகத் திட்டம் போட்டார்.

அம்மா அதை வாங்கிப் படித்தாள். "ஒன்பது மணி, வாசல். எல்லாரும் மஞ்சள் உடை. சரி. ஒன்பதரை, ராட்டினம். சரி. அது என்னங்க, பதினொன்று இருபது, 'அப்பா கக்கூஸ்'? அதுக்குக்கூடவா மணி குறிப்பாங்க?"

"அடுத்த வரியைப் படி."

"பதினொன்றரை, நீரூற்று. கரடி வரும். மூக்கில் மூன்று தட்டு." அம்மா நிமிர்ந்தாள். "ஓஹோ."

"வாண்டுக்கு வாக்கு குடுத்துட்டேன். கூட்டத்துல உன்னைப் பாத்ததும் கரடி மூணு தட்டு தட்டும்னு. அவ ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கா."

"நீங்க லீவு போட்டா கரடிக்கும் லீவாச்சே."

"அதுக்குத்தான் கக்கூஸ்."

மறுநாள் உடை மாற்றும் அறையில், கண்ணாடி முன் நின்று மூன்று தட்டுகளைப் பழகிப் பார்த்தார். கரடி உடைக்கு ஜிப் முதுகில். அதை இழுத்துவிடுவது சூப்பர்வைசரின் பொறுப்பு. அவர் காதில் விழாத தூரத்தில் எல்லோரும் அவரை 'ரூல்ஸ்' என்பார்கள்.

திட்டத்தை அவரிடம் நீட்டினார் அப்பா. ரூல்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தார்.

"லீவுல இருக்கிறவன் வேஷம் போடக் கூடாது. நீ உள்ள மயங்கி விழுந்தா யாருப்பா பதில் சொல்றது?"

"பத்தே நிமிஷம் சார். குழந்தை ஆசைப்படுது."

"பத்து செகண்டும் கிடையாது. திரும்பு." ஜிப் சர்ரென்று ஏறியது.

வீட்டில் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவர் சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப பதினொரு நாள் சமைச்சுக் குடுத்தேனே. அதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம்ல?"

"யாரு வெச்சதுன்னே அவருக்குத் தெரியாது. அவர் வர்றதுக்கு முன்னாடி மேசையில வெச்சிட்டு வந்துடுவேன். சாயங்காலம் கழுவின கேரியர் அதே இடத்துல இருக்கும். சொல்லிக் காட்டறதுக்கா சமைச்சே?"

அதற்காகச் சமைக்கவில்லை என்பது அம்மாவுக்கே தெரியும்.

பயண நாளில் திட்டம் நிமிடம் பிசகாமல் நடந்தது. மஞ்சள் கவுனில் மகள் ஒவ்வொரு ராட்டினத்திலிருந்து இறங்கும்போதும், "பதினொன்றரை ஆச்சா?" என்று கேட்டாள். பதினொன்று இருபதுக்கு அப்பா கக்கூஸ் போவதாகச் சொல்லிவிட்டு, ரூல்ஸிடம் கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று உடை மாற்றும் அறைக்கு ஓடினார்.

முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். உள்ளே ஏதோ விழுந்து உருண்டது; கதவு திறக்கவில்லை.

பத்து நிமிடம் படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு, கரடிக்கு ஜலதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம் எனத் தீர்மானித்துத் திரும்பி நடந்தார். மகளிடம் சொல்லப்போகும் அந்தப் பொய் வாயில் கசந்தது.

நீரூற்றைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில், மஞ்சள் கவுனுக்கு எதிரே, கரடி நின்றது. தன் மூக்கில் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"அம்மா! எண்ணினியா? மூணு!" மகள் கரடியின் வயிற்றைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, உங்க சிநேகிதர் போட்டோல இருக்கிறதைவிட குண்டு!"

பொய் சொல்லாமல் காப்பாற்றியதற்கு அப்பா முதலில் கடவுளுக்கு நன்றி சொன்னார். அதற்கப்புறம்தான் இது யார் என்று யோசித்தார்.

கரடியின் முதுகில் ஜிப் பாதியில் நின்றிருந்தது. தன் ஜிப்பைத் தானே போட்டுக்கொள்ள எந்தக் கரடிக்கும் கை எட்டாது. உதவிக்கு யாரையும் கூப்பிடாமல், அறையின் பின்வாசல் வழியாக வந்திருந்தது இந்தக் கரடி.

போட்டோவுக்கு நிற்பவர்போல அப்பா அதன் தோளில் ஒரு கையைப் போட்டு, மறுகையால் ஜிப்பை மெல்ல மேலே இழுத்துவிட்டார். கரடி பேசக் கூடாது என்பது விதி. கரடி பேசவில்லை.

விடுமுறை முடிந்து அப்பா வேலைக்கு வந்தார். துவைத்த கரடி உடை காய்ந்து, ஆணியில் தொங்கியது. அறையில் ரூல்ஸைத் தவிர யாரும் இல்லை.

"ரெண்டு நிமிஷம் லேட்" என்றார் அவர். "திரும்பு."

ஜிப் வழக்கம்போல் சர்ரென்று ஏறி, பாதியில் நின்றது. முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் முதல் முறையாகத் தாழ்ந்து வந்தது.

"உள்ள ரொம்பத்தான் வேர்க்குதுப்பா."