தடியனுக்கு இடமில்லை

காரின் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் கழற்றி, ஒரு கம்பியால் மேலே இருந்த வண்டியின் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டார். தொட்டில் மாதிரி அது மெல்ல ஆடியது. அரைக்கண் மூடியபடி, தேய்ந்த பழைய டிஸ்க் மூலைக்கு உருண்டு போவதைப் பார்த்தது.

"நானும் அவன்கூடவே போறேன்."

"ஐயோ அண்ணே, குதிச்சிராதீங்க!" என்று அலறியது அதோடு இன்னும் ஒட்டியிருந்த ஆயில் குழாய். "நான் அறுந்தா ஆயில் பூரா தரையிலதான். அப்புறம் வண்டி எங்க போய் நிக்கும்?"

காலிப்பர் மனமில்லாமல் தொங்கியது. பளபளவென்று புது டிஸ்க் வந்தது. காலிப்பரின் வாய்க்குள் அது நுழையவே இல்லை.

"அண்ணே, வெளிய தள்ளிக்கிட்டு நிக்கிற பிஸ்டனைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்களேன்" என்றது குழாய்.

"முடியாது. அவன் தேயத் தேய நான் நெருங்கி நெருங்கி வந்தேன். இது அவன் இடம்."

மெக்கானிக் பிஸ்டனை உள்ளே தள்ள கிளாம்பு வைத்துத் திருகினார். காலிப்பர் அசையவில்லை.

குழாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலிப்பரின் கரகரக் குரலிலேயே பேசியது. "'யார்றா இந்தத் தடியன்? இவனுக்கு இங்க இடமில்ல!' பழையவர் வந்த முதல் நாள் நீங்க சொன்னதுண்ணே."

"அவனா தடியன்?"

"இவனைவிட ஒரு நூல்கூடக் குறைச்சல் இல்ல."

காலிப்பர் கண்ணை முழுசாக மூடியது. மூடிய கண்ணுக்குள், பழைய டிஸ்க் அந்த முதல் நாள் போலவே தடித்து மினுமினுத்து, கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தது. காலிப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"சரி தடியா, பயப்படாத" என்றபடி புது டிஸ்க்கின் மேல் மெல்லக் கவிந்தது.