ஆரோக்கியமான ஆள்

"ஒரு பொய்ய ஒழுங்கா சொல்லத் துப்பில்ல. நீயெல்லாம் இன்னாய்யா ஆம்பள?"

காசியம்மாள் போட்ட சத்தத்தில் மீன் ஏலம் நின்றுபோனது. இறாலுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இறாலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் எங்கள் குப்பத்துக்கு இறாலெல்லாம் அப்புறம்தான்.

புருஷன் ஆதிகேசவன் தலையைக் குனிந்தபடி வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஆதிகேசவனுக்குச் சர்க்கரை வியாதி. காலில் திருக்கை முள் குத்தி, புண் ஆறாமல் மாசக்கணக்கில் இழுத்தபோதுதான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே படகிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

"சுகர்காரனைக் கடலுக்குக் கூட்டினு போய் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் இடத்தில் முத்துராஜ் ஏறினான். ஆதிகேசவனுக்குக் கரையில் வலை பிரிக்கிற வேலை, அரைப் பங்கு. அதற்கே பெரிய மனசு பண்ணியதாக ஊரில் பேச்சு.

"உனுக்கு ஒண்ணு ஆயிட்டா நானும் பொண்ணு அர்ச்சனாவும் தெருவுலதான் நிக்கணும்" என்று காசியம்மாள் அழுதாள். அந்த அழுகை எப்படித்தான் எட்டியதோ, திருப்பாலைவனத்திலிருந்து இன்சூரன்ஸ் ஏஜென்ட் சம்பந்தம் பைக்கில் வந்து இறங்கினார்.

"சுகர் இருக்குனு மூச்சு விடாதீங்க" என்றார். "ரத்தம் எடுக்க லேப்லேர்ந்து ஆள் வருவான். ஆரோக்கியமான ஆளா ஒருத்தர ஒக்கார வைங்க. இவர்தான் ஆதிகேசவன்னு நான் சொல்லிக்கிறேன்."

"தப்பில்லையா சார்?" என்றார் ஆதிகேசவன்.

"ஊரு ஒலகத்துல நடக்காததா? உங்க குடும்பம் நல்லா இருக்கணும்னுதான சொல்றேன்."

ஆரோக்கியமான ஆள் என்றால் எங்கள் குப்பத்தில் ஒரே கணக்குதான். படகை எவன் ஒண்டியாகத் தள்ளுகிறானோ அவன். ஆகவே முத்துராஜைக் கூப்பிட்டார்கள். அவனும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தான்.

"பாத்து எடுப்பா. இது கடல்ல வளந்த ரத்தம், ஊசி ஒடைஞ்சிடப் போவுது."

இப்போது கம்பெனி, பாலிசி தர முடியாது என்று சொல்லிவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாம்.

"முத்துராஜ் ரத்தத்துல ஏதுய்யா சர்க்கரை?" என்று ஊரே முழித்தபோது, ஆதிகேசவன்தான் தானாக வாயைத் திறந்தார்.

"அவன் ரத்தம் போவல. லேப் ஆள் கெளம்பினதும் எனுக்கு மனசு கேக்கல. பொய் சொல்லி வாங்குறது நமக்கு ஒட்டாதுனு தோணிச்சு. பஸ் ஸ்டாண்டு வரிக்கும் பின்னாலயே ஓடி, அத்த கொட்டிட்டு என்னுத எடுத்துக்கப்பானு கையை நீட்டிட்டேன்."

அதற்குத்தான் காசியம்மாள் போட்ட சத்தம்.

"மனசாட்சியாம்ல" என்றார் ஏலம் விடுகிறவர். "ஓட்டுக்குத் துட்டு வாங்கினப்போ அது எங்க போயிருந்துச்சாம்?"

வாங்காதவர்கள் மாதிரி எல்லோரும் சிரித்தார்கள்.

சம்பந்தமும் வந்தார். அவர் முகத்தில்தான் எவ்வளவு வருத்தம்.

"நான் அப்பவே சொன்னேனேம்மா, உண்மையச் சொல்லிடலாம்னு. மாத்திரை ஒழுங்கா போட்டு சுகரு கட்டுக்குள்ள இருந்தா, பிரீமியத்தக் கொஞ்சம் ஏத்தினு பாலிசி குடுத்துடுவாங்க."

"இத ஏன் சார் மொதல்லயே சொல்லல?" என்றாள் காசியம்மாள்.

"நீங்க கேக்கலியே."

பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். சுண்ணாம்புக்குளத்தில் ஒரு பி.பி. கேஸ் அவருக்காகக் காத்திருந்தது.

எல்லோரையும்விட அதிகம் குதித்தவன் முத்துராஜ்தான்.

"என் ரத்தத்தக் கீழ கொட்ட ஒனுக்கு எப்டிண்ணா மனசு வந்துச்சு? மாத்திரை முழுங்கினு கரையில ஒக்காந்துகினு இருக்கிற ஆளுக்கு அதோட அருமை எப்டித் தெரியும்?"

கூட்டம் கைதட்டியது. அவன் தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி பண்ணிவிட்டு, சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்கப் போனான்.

"பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல விட்டுட்டு நல்லவன் வேஷமா?" என்று சொல்லி, காசியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? வேடிக்கை தீர்ந்ததும் ஊர் மறுபடி இறாலுக்குத் திரும்பியது.

தோப்பிலிருந்து வந்த முத்துராஜை ஆதிகேசவன் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இன்னாண்ணா, மறுபடியும் எவன் பின்னாலயாவது ஓடப் போறியா?"

"போன வாரம் கவர்மென்ட் ஆஸ்பத்திரில எனுக்கு டெஸ்ட் எடுத்தாங்கடா. சுகரு நல்லா கட்டுக்குள்ள கீதுனு டாக்டரம்மா சொல்லிச்சு."

முத்துராஜுக்குப் புரியவில்லை. "அப்போ கம்பெனிக்குப் போன ரத்தத்துல மட்டும் எப்டி அம்மாம் சுகரு?"

ஆதிகேசவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு வெறும் வயித்தோட வா, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஊர்ல மூச்சு விடாத, உன்னையும் படகுலேர்ந்து எறக்கிடுவானுங்க. நான் எவன் பின்னாலயும் ஓடலடா. போனது உன் ரத்தம்தான்."