சின்ன ‘ர’

“என்னை நாய்ங்கிறீங்களா?”

அந்தம்மா போட்ட சத்தம், ஸ்பீக்கர் போடாமலே ஆபீஸ் முழுக்கக் கேட்டது. முதலாளி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

வாஷிங்மெஷின் ரிப்பேர் பண்ணும் கம்பெனி அது. குறை சொல்லி வருகிற மெயிலுக்கெல்லாம் பதில் எழுதி வைப்பது, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் வேலை. மேனேஜர் படித்து, திருத்தி அனுப்புவார்.

இன்றைக்குப் போன பதிலில் ‘குறை’க்குச் சின்ன ‘ர’ விழுந்து ‘குரை’ ஆகிவிட்டதாம்.

முதலாளி போனை வைத்தார். “யாரு பார்த்த வேலை இது?”

அந்தப் பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். ‘ர’வும் ‘ற’வும் அவளுக்கு எப்பவுமே தகராறு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கைக்குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருகிறாள். போச்சு, இன்றோடு சரி!

மேனேஜரைப் பார்த்தாள். அவருக்கு ஆபீஸில் ‘சந்திப்பிழை’ என்று பட்டப்பெயர். ஒரு ‘க்’ விட்டுப்போனாலும் கூப்பிட்டு வைத்துப் பாடம் எடுப்பார். இப்படி ஒரு பிழை மாட்டினால் விடுவாரா?

மேனேஜர் எழுந்தார்.

“நான்தான் சார்.”

“நீங்களா! ஊருல இருக்கிற தப்பையெல்லாம் தேடிப் பிடிப்பீங்களே!”

“கை தவறிடுச்சு சார்.”

“எங்க, அந்த மெயிலைக் காட்டுங்க.”

“அழிச்சிட்டேன் சார்.”

“அழிச்சு வேற வெச்சாச்சா! குறைக்கும் குரைக்கும் வித்தியாசம் தெரியாத உங்களுக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர்?”

பக்கத்துச் சீட்டுக் கணக்கர் வாயைப் பொத்திக்கொண்டார். “சந்திப்பிழைக்கே பிழையா!”

மேனேஜருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

முதலாளி ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டினார். “நானே போய் மெஷினைச் சரி பண்ணிக் கொடுத்து, அந்தம்மாவைச் சமாதானம் பண்றேன். ஒரு எழுத்து ஒழுங்கா எழுதத் தெரியல…” படி இறங்கும்வரை குரல் கேட்டது.

மேனேஜர் யாருக்கோ போன் போட்டுக் குசுகுசுவென்று பேசினார். பேசி முடித்ததும் அவள் போய் நின்றாள்.

“சார்… என் வேலை போயிடக் கூடாதுன்னுதானே பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?” கண் கலங்கிவிட்டது.

“ஐயையே, அழாதீங்கம்மா. உங்களுக்காக இல்ல. நீங்க ஒரு ‘க்’ விட்டிருந்தீங்க, ஒரு ‘ப்’ விட்டிருந்தீங்க. ‘ற’ சரியாத்தான் போட்டிருந்தீங்க.”

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அழித்துவிட்டதாகச் சொன்ன மெயிலைத் திறந்தார். அவள் எழுதியதற்குக் கீழே, அவள் எழுதாத ஒரு வரி இருந்தது.

‘தங்கள் குரையைக் கேட்பதே எங்கள் சந்தோசம்.’

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “இதை யாரு சார் எழுதினது?”

“நம்ம முதலாளிதான். நான் சாப்பிடப் போனப்ப என் சீட்ல உக்காந்திருக்கார். யாருக்குப் போற மெயில்னுகூடப் பார்க்கல. ‘நானும் ஒரு வரி சேர்த்திருக்கேன், அனுப்பிடுங்க’ன்னு பச்சப்புள்ள மாதிரி ஓடி வந்து சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துட்டுப் படிக்காமலே அனுப்பிட்டேன்.”

“அப்போ அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே சார்! என்ன திட்டு திட்டிட்டுப் போறார்! அந்தம்மா வேற காட்டிக் கொடுத்துட்டாங்கன்னா?”

“இப்பதான் அவங்ககிட்ட பேசினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மூச்சு விட மாட்டேன்னு சொல்லிட்டாங்க.”

மேனேஜர் மெயிலை நிஜமாகவே அழித்தார்.

“கைநாட்டு வெச்சே இத்தனை பெரிய கம்பெனி நடத்தின மனுஷன்மா. இந்த வயசுல எழுத்துக்கூட்டிக் கத்துக்கிட்டு, சொந்தமா எழுதின முதல் வரி இது. இதுலயே பிழை சொன்னா, ரெண்டாவது வரி எழுதுவாரா?”