உதைத்த துப்பாக்கி

"வலது தோள்ல என்னம்மா, இப்படி நீலமா?" என்றார் துப்பாக்கிக் கடை எட்டோரே.

மிரெல்லா சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள்.

"சுடறப்போ பழைய துப்பாக்கி பின்னால உதைச்சதுண்ணே" என்று முந்திக்கொண்டான் கணவன் துல்லியோ. "மண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடற போட்டிக்கு இவளையும் சேர்த்திருக்கேன். உதைக்காததா ஒண்ணு குடுங்க."

"அப்போ கனமானதுதான் சரி. கனம் கூடினா உதை குறையும்." எட்டோரே ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியை நீட்டினார். "தோட்டா இல்ல, காலிதான். என் கண்ணையே குறி பாரும்மா. அளவு சரியான்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

அவள் அதை வாங்கினாள்; தூக்கத் தயங்கினாள்.

"எலியைப் பார்த்தாலே அலறுவா" என்று சிரித்தான் துல்லியோ.

"யோசிக்காம சட்டுனு தூக்கு தாயி!" என்றார் எட்டோரே.

தூக்கினாள். துப்பாக்கிக் கட்டை இடது தோளில் கச்சிதமாகப் போய்ப் பதிந்தது.

"இடது கைப் பழக்கமா?"

"பொறந்ததுலேர்ந்து."

எட்டோரேவின் பார்வை அவளது நீலம் பாய்ந்த வலது தோளுக்குப் போனது. துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"துல்லியோ, இடது கைக்குத் தகுந்த மாதிரி கட்டையைச் செதுக்கணும். ஒரு மணி நேரம் ஆகும். எதிர்க்கடையில காபி குடிச்சிட்டு வா."

அவன் தெருவைக் கடந்ததும் கதவை உள்ளே தாழிட்டார்.

"ஐயா..." என்றாள் மிரெல்லா. "நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா துப்பாக்கியைத் தொடறேன்."

"தெரியும் தாயி" என்று போனை அவள் பக்கம் நகர்த்தினார் எட்டோரே. "சீக்கிரம். யாரைக் கூப்பிடணும்?"