பத்தாவது அடி

வேண்டாம் என்பதுபோலக் கையை உதறிவிட்டு அவர் எழுந்தார். விலை பேசுவதில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பேத்தியின் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கழற்றி, கோணி விரிப்பின்மேல் வைத்தார்.

“நானூறுக்குக் கம்மியா கட்டாது பெரியவரே” என்றான் கடைக்காரன்.

“எரநூறுன்னா சொல்லு. இல்லேன்னா விடு.”

இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். பழைய மின்விசிறி, மூடியில்லாத குக்கர், ஒரு கால் ஆடும் நாற்காலி. எதை எடுத்தாலும் சொன்ன விலையைக் கொடுத்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வாரம் முழுக்க அவர் காத்திருப்பது இந்த ஒரு காலைக்காகத்தான். கோடை விடுமுறை என்பதால் இன்று பேத்தியும் வந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு முடித்தவள்.

வழியெல்லாம் அவள் எதையும் தொடவில்லை. இதை மட்டும்தான் எடுத்தாள். மாடிகளை உரசுவதுபோலத் தாழ இறங்கிய விமானத்தை அதன் வழியே பார்த்தாள். வாய் திறந்திருந்தது.

மூன்று. நான்கு.

பத்தாவது அடிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். அது அவர் கணக்கு.

ஒரே ஒரு தடவைதான் தப்பியது.

அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் குணா. இவளுடைய அப்பா. அப்போது அவனுக்கும் ஏழு வயதுதான்.

ஒரு பழைய மவுத் ஆர்கன். கடைக்காரர் ஊதிப் பார்க்கக் கொடுத்தார். குணா ஊதினான். பாட்டெல்லாம் இல்லை. மூச்சை இழுத்தால் ஒரு சத்தம், விட்டால் ஒரு சத்தம். அதற்கே அவன் முகம் அப்படி மலர்ந்தது. திரும்பத் திரும்ப இழுத்தான். விட்டான்.

அவர் அதை அவன் கையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

பத்து அடி போயும் குரல் வரவில்லை. உடனே திரும்பினால் மரியாதை என்ன ஆவது? தொட்டிச் செடிகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம், புறாக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

மவுத் ஆர்கன் இருந்த இடத்தில் ஒரு டார்ச் லைட் இருந்தது.

“அடுத்த வாரம் வேற வாங்கலாம்டா.”

“வேணாம்பா.”

அவன் அழவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் அடம்பிடித்ததும் இல்லை. அதை எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். ஆபீஸில், கல்யாண வீடுகளில், பெண் பார்க்கப் போன இடத்தில்கூட. எங்க குணா எதுக்கும் ஆசப்பட மாட்டான்.

ஆறு. ஏழு.

இலக்கியா திரும்பிப் பார்க்கவே இல்லை. தன் செருப்பைப் பார்த்தபடி நடந்தாள்.

“ஒனக்கு அது புடிக்கலையா பாப்பா?”

“புடிச்சிருக்கு.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“அப்பா சொன்னாரு. தாத்தாகூடப் போனா எதையும் கேக்கக் கூடாதுன்னு. கேட்டா கெடைக்காதாம்.”

குறையாகச் சொல்லவில்லை. சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதைப் போலச் சொன்னாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

“பெரியவரே! சரி வாங்க, எரநூறே குடுங்க!”

எட்டாவது அடி. அவர் ஜெயித்துவிட்டார்.

திரும்பிப் போனார். நான்கு நூறு ரூபாய்த் தாள்களைக் கடைக்காரன் கையில் வைத்தார். அவன் இரண்டைத் திருப்பி நீட்டினான். அவர் அதைப் பார்க்கவில்லை. குனிந்து, பைனாகுலரின் வாரைப் பேத்தியின் கழுத்தில் மாட்டி, நீளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் இலக்கியா நின்றாள்.

“தாத்தா, அப்பாவுக்கும் ஏதாச்சும் வாங்கலாமா?”

“வாங்கலாமே.”

“அப்பாவுக்கு என்ன புடிக்கும்?”

சொல்ல வாயெடுத்தார்.

குணாவுக்கு வயது முப்பத்தொன்பது. அவனுடைய பள்ளிக்கூடப் பை என்ன விலை, முதல் சைக்கிள் என்ன விலை, கல்யாணச் சட்டை என்ன விலை, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது.

“வழிய விட்டு நில்லுங்க சார்” என்று யாரோ இடித்துக்கொண்டு போனார்கள்.

ஓரமாக ஒதுங்கி, போனை எடுத்தார். மகன் ஆபீஸில் இருக்கும் நேரம். இந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை.

“சொல்லுங்கப்பா.”

“ஒண்ணுமில்லடா. சந்தையிலதான் நிக்கிறோம். ஒனக்கு என்ன வேணும்? எது வேணும்னாலும் கேளு.”

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் ஓசை கேட்டது.

“அப்பா, ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்றான் குணா.