மொட்டை மாடியில் மழை

சேலையூரில் பத்து நாளாக ஒரு தூறல்கூட இல்லை. ஜீவிதாவின் மொட்டை மாடியில் இருந்த தானியங்கி டெலஸ்கோப் மட்டும் தினமும் சாயங்காலம், "மழை" என்று சொல்லித் தன் கூண்டின் கூரையைத் திறக்க மறுத்தது.

புரோகிராமைத் திருத்தினாள். மழை சென்சாரையே மாற்றினாள். கணவன் ஜோஷ்வாதான் கூடவே நின்று ஒயர் பிடித்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நட்சத்திரப் படம் அனுப்பலன்னா சிலி நாட்டு அப்சர்வேட்டரி வேலை போச்சு, ஜோஷ்."

"விடு ஜீவி. நமக்குக் குடுத்து வைக்கல."

வெள்ளியன்று ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து நேராக மாடியேறினாள். புது சென்சார் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பக்கத்தில், அவளுடைய இன்டர்வியூ புடவைக்கு ஜோஷ்வா தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்ட அதே ஸ்பிரே பாட்டில்.

"வந்துட்டியா ஜீவி?" கீழிருந்து குரல் கேட்டது. "இன்னைக்கும் மழைன்னுதான் சொல்லுதா?"

துப்பட்டாவால் சென்சாரை அழுத்தித் துடைத்தாள். கூரை மெல்லத் திறந்தது.

"இல்ல ஜோஷ். இப்பதான் விட்டுது."